தலையணையும் தலைப்பொங்கலும்

"...அப்படின்னா அந்தத் தலையணையில பஞ்சே கிடையாதா தம்பி?" என்று மைக்கில் கேட்டார் கூட்டத்தின் தலைவர்.

கேட்டவர் புளியரை சோதனைச் சாவடியின் அதிகாரி. மலைக்கு அந்தப் பக்கம் அரிசி போகாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருந்த மனிதர். அவருக்குப் பக்கத்தில், திறந்த வாயை மூட மறந்து நின்றவன் நான். தலையணை எங்கள் வீட்டுத் தலையணை. முன்வரிசையில், அருவியில் குளித்த ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தது அந்தத் தலையணையைத் தைத்த என் அம்மா.

பேச்சுப் பைத்தியங்களுக்கு ஒரு குறை உண்டு. என்ன பேசுகிறோம், எப்படிப் பேசுகிறோம், எங்கே கைதட்டு விழும் என்பதெல்லாம் தெரியும். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. எனக்கு அந்தக் குறை கொஞ்சம் தூக்கல்.

அப்போது தென்காசியில் சின்னதாக ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் பஞ்சர் ஒட்டிய டியூப் காய்கிற நேரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பேன். அதைவிட ருசி, கடைக்கு வருகிறவர்களின் பேச்சு. கீழப்பாவூர்க்காரர் ஒருவர் தன் சைக்கிளைக் காட்டி, "நான் இதுமேல போனதைவிட இது என்கூட நடந்ததுதான் ஜாஸ்தி" என்றார். அன்று அவரிடம் கூலி வாங்க எனக்கு மனசு வரவில்லை. (அம்மாவுக்கு வந்தது. அது வேறு.)

எங்கள் தெரு வாசகசாலைக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். படிப்பைப் பார்த்து அல்ல. மைக் கெட்டுப்போன அன்றும் என் சத்தம் கடைசி வரிசைவரை போகும் என்பதால்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசித் தட்டுப்பாடு. ஒரு மாநிலத்து அரிசி இன்னொரு மாநிலத்துக்குப் போகக் கூடாது என்று சட்டம். எங்கள் பக்கத்தில் எல்லை என்பது ஓரிடத்தில் நிலையாக உட்காராத விருந்தாளி. ஐம்பத்தாறு வரைக்கும் செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்துபோய் மலைமேல் உட்கார்ந்தது. அது எங்கே உட்கார்ந்தாலும் நாங்கள் பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம். அப்படித்தான் என் அக்காவை அந்த வருஷம் வைகாசியில் ஆரியங்காவில் கட்டிக்கொடுத்தோம். ரயிலில் ஒரு குகையைத் தாண்டினால் அக்கா வீடு. ரயிலிலும் அரிசிக்குச் சோதனை உண்டு, பஸ்ஸில் போனால் புளியரைச் சாவடியைத் தாண்ட வேண்டும்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் குகை எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. எங்கள் வழக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கப்படி போக வேண்டும். பானை, கரும்பு, மஞ்சள்குலை, காய்கறி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பச்சரிசி. அதிலும் தலைப்பொங்கலுக்குப் போகிற படியை மாமியார் வீட்டுத் தெருவே வந்து பார்க்கும். அரிசி குறைந்தால் பெண்ணுக்குத் தலைகுனிவு. அக்காவின் மாமியார் தீபாவளிக்கே சொல்லி வைத்துவிட்டார், "படி வரட்டும், பொறவு பாப்போம்" என்று. அந்த 'பொறவு' என்ற சொல்லை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து, பல்லில் சிக்கிய நாரைப்போல நாள் முழுக்க நெருடிக்கொண்டிருந்தாள்.

அதற்கு அம்மா நம்பியிருந்தது தன் தலையணையை. தீபாவளிக்குப் பலகாரம் சுட அரிசி கொண்டுபோனபோது வெள்ளோட்டம் பார்த்தாயிற்று. நீலக்கோடு போட்ட உறைக்குள் அரிசி. அம்மா அதை மடியில் வைத்து, அதன்மேல் தலை சாய்த்து, புளியரை வரும்போது மட்டும் சரியாகத் தூங்குவாள். சாவடி ஆட்கள் தூங்குகிற பெண்பிள்ளையை எழுப்பத் தயங்கி இறங்கிப் போனார்கள்.

இந்த நிலைமையில்தான் வாசகசாலைக்கு ஒரு நாவல் வந்து சேர்ந்தது. சிறுவர்களுக்கு எழுதிய சரித்திரக் கதை. இரண்டு பாளையக்காரர்கள் சண்டை போட்டு ஓர் ஆற்றை எல்லையாக்கிவிடுகிறார்கள். அண்ணன் குடும்பம் இக்கரையில், தங்கை குடும்பம் அக்கரையில். அக்கரையில் விதைக்க நெல் இல்லை. அண்ணனின் மகள், சின்னஞ்சிறு பெண், சடைக்குள் விதைநெல்லை வைத்துப் பின்னிக்கொண்டு, காவல்காரர்கள் முன்னாலேயே நடந்துபோய் அத்தை வீட்டில் சடையை அவிழ்க்கிறாள். அந்த இடத்தில் நான் அழுதேன். கையிலிருந்த டியூப் தப்பான இடத்தில் ஒட்டிக்கொண்டது.

இதைப் பற்றி ஒரு கலந்துரையாடல் வைத்தே தீர்வது என்று கிளம்பினேன். தென்காசியில் வைத்தால் நாற்காலிகள் மட்டும் வரும். குற்றாலத்தில் வைத்தால் மார்கழியில் குளிக்க வருகிற கூட்டத்தில் நாலு பேர் தலை துவட்டவாவது ஒதுங்குவார்கள் என்பது என் கணக்கு. அருவிக்கரைச் சத்திரம் ஒன்றில் இடம் கேட்டேன். அரைப்பரீட்சை லீவு என்பதால் பிள்ளைகள் வந்தார்கள். மலைக்கு மாலை போட்ட சாமிமார்கள் ஈர வேட்டியைத் தூணில் கட்டிக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அம்மாவும் வந்தாள், குளித்த மாதிரியும் ஆச்சு, பிள்ளை பேச்சைக் கேட்ட மாதிரியும் ஆச்சு என்று.

தலைமைக்குப் புளியரை அதிகாரியைக் கூப்பிட்டதும் நான்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கதைப் பிரியர் என்று கேள்விப்பட்டு நேரில் போய் அழைத்தேன். வரவேற்புரையில் "அரிசி கடத்துவோரின் சிம்ம சொப்பனம்" என்று நானே என் வாயால் புகழ்ந்து மாலை போட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் யாரென்று தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் தப்பிக்க வழியில்லை.

முதலில் பேச வந்த வக்கீல் அண்ணாச்சி நாவலைக் கோர்ட்டில் நிறுத்திவிட்டார். கதை நம்பும்படியாக இல்லையாம். அத்தனை காவல்காரர்களையும் ஒரு சிறுமி ஏமாற்றுவாளாம், அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். பிள்ளைகளுக்கு எழுதுவதென்றால் எதையும் எழுதலாமா, இதை அலமாரியில் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. இரட்டைச் சடைக்காரி ஒருத்தி தன் சடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில்தான் நான் விழுந்தேன்.

மைக்கைப் பிடுங்கினேன். "அண்ணாச்சி முடியாதுன்னு சொல்லுதாக. நான் முடியும்ங்கேன். பாளையக்காரன் காலம் எதுக்கு, போன தீபாவளிக்கு எங்க அம்மா தலையணைக்குள்ள அரிசிய வச்சு, அதுமேலயே தலைய வச்சுத் தூங்கி, புளியரையத் தாண்டி எங்கக்கா வீட்டுல கொண்டு எறக்குனாவளே, அது நடக்கலியா" என்றேன். கையை வேறு தூக்கினேன். கைதட்டு விழும் என்று ஓர் இடைவெளி விட்டேன்.

அந்த இடைவெளியில் அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகுதான் பஞ்சைப் பற்றிய கேள்வி.

முன்வரிசையில் அம்மா எழுந்தாள். இல்லை என்று மறுக்கப்போகிறாள், பிள்ளைக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் பஞ்சே கிடையாதா என்ற கேள்வி அவளுடைய தையலைக் குறை சொன்னதாகப் பட்டுவிட்டது.

"ஏன் கிடையாது? சுத்தி ஒரு கை கனத்துக்குப் பஞ்சு உண்டும் ஐயா. இல்லன்னா ஒங்க ஆளு அமுக்கிப் பாத்தா நறநறன்னு காட்டிக்குடுத்துரும்லா."

சத்திரமே சிரித்தது. சாமிமார்கள் சரணம் போட்டார்கள். வக்கீல் எழுந்து, கதை நம்பும்படியாகத்தான் இருக்கிறது, தன் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று அறிவித்தார். வாதத்தில் ஜெயித்த அன்று போல நான் வாழ்க்கையில் தோற்றதில்லை.

அதிகாரி முடிவுரையில் நாவலை உருகி உருகிப் பாராட்டினார். கடைசியில் அம்மாவைப் பார்த்து, "காதால கேட்டுட்டேனேம்மா. இனிமே தலையணை வந்தா பிரிச்சுப் பாக்காம விட முடியாது" என்றார். கோபமில்லாமல் சொன்னதுதான் இன்னும் பயமாக இருந்தது.

திரும்பும்போது மேலகரம் வரும்போது அம்மா ஈரத்தலையை அவிழ்த்து உதறினாள். பிறகு, "ஏலே, கதையில வார பிள்ளைக்குச் சாட்சி சொல்லப்போயி என் பிள்ளைக்குப் படி இல்லாம ஆக்கிட்டியே" என்றாள்.

"நீ மட்டும் பஞ்சுக் கணக்குச் சொல்லலாமோ?"

"அவரு கேட்டாரு, சொன்னேன். நீ யாரு கேட்டுச் சொன்ன?"



அடுத்து வந்த நாட்களில் புளியரையில் ஒரு தலையணையும் அமுக்கப்படாமல் போகவில்லை. திருவேங்கடத்திலிருந்து பஞ்சு மெத்தை விற்கப் போனவர் ஒருவர், மூக்கெல்லாம் பஞ்சாக என் கடைக்கு வந்து, அந்தப் பேச்சாளன் யாரென்று விசாரித்தார். சக்கரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டே, அவன் வெளியூர் போயிருக்கிறான் என்று சொன்னேன்.

ஆரியங்காவுக்கும் செய்தி போய்விட்டது. பானை மட்டும் வருமா, இல்லை அதுவும் இல்லையா என்று மாமியார் கேட்டதாகவும், அக்கா அடுக்களைக்குள் போய்விட்டதாகவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு, "வா, ஒன் தலைவரைப் பாக்கணும்" என்றாள்.

சாவடிக் கொட்டகையில் அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் தயாரித்து வைத்திருந்த மன்னிப்புரையை அம்மா ஒரு கையசைப்பில் நிறுத்தினாள்.

"ஐயா, அரிசி அங்கன போகக் கூடாது, அப்படித்தான?"

"கூடாதும்மா."

"ஆளு இங்கன வரலாமா?"

"ஆள் யார் வேணும்னாலும் வரலாம்."

"இந்த வேலிக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பு வைக்கலாமா?"

அவர் காப்பியைக் கீழே வைத்து யோசித்தார். "அடுப்புக்கு எனக்கு ஒரு உத்தரவும் வரலே" என்றார்.

பொங்கலன்று விடியும்போது சாவடிக்குக் கூப்பிடு தூரத்தில், சாலையோரப் புளியமரத்தடியில் கோலம் போட்டு மூன்று கல் வைத்தோம். சொல்லியனுப்பியபடி முதல் பஸ்ஸில் அக்கா, அத்தான், மாமியார், அத்தானின் தம்பிமார் எல்லோரும் வந்து இறங்கினார்கள். மரத்தடியில் எங்கள் படி காத்திருந்தது: வாழைக்குலை, மஞ்சள், காய்கறி, நடுவில் புதுப்பானை. ஓலைப்பெட்டியில் பச்சரிசி கூம்பாக இருந்தது. மாமியார் பெட்டிக்குள் கைவிட்டு அளைந்து பார்த்தார். "ரோட்டுல வச்சுப் படி கொடுத்தவுக ஒலகத்துலயே நீங்கதான்" என்றார். ஏச்சா பாராட்டா என்று தெரியாததால் எல்லோரும் சிரித்து வைத்தோம்.

(இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து நான் வாயைத் திறந்தால், அக்கா பேத்திகள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போவார்கள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதுதான் தண்டனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.)

சிக்கல், பானையில் பாலை ஊற்றிய பிறகு வந்தது. கணவாய்க் காற்று. தீயைப் படுக்கப்போட்டு அடித்தது. ஓலை எரிந்து தீர்ந்ததே தவிர பானைக்குச் சூடு ஏறவில்லை. நான் மேல்துண்டை விரித்து மறைத்துப் பார்த்தேன். பொறி பட்டுத் துண்டில் முகம் பார்க்கிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அத்தான் தம்பிமார் சுற்றி மறைத்து நின்று பார்த்தார்கள். கால்களுக்கு நடுவே காற்று புகுந்தது. தலைப்பொங்கலுக்குப் பால் பொங்காமல் போனால் அதற்கு எத்தனை வருஷத்துக்குப் பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது. புகையால் என்று சொல்ல அங்கே புகைகூட நிற்கவில்லை.

சாவடியிலிருந்து அதிகாரி இறங்கி வந்தார். எங்களைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், காற்று வருகிற பக்கம் பார்த்தார். திரும்பிப்போனார். சாலையோரம் நட்டிருந்த, 'நில்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய ஆளுயரத் தகரப் பலகையை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கி, தோளில் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பை ஒட்டி நிறுத்தினார். தீ நிமிர்ந்தது. வந்த லாரி ஒன்று எங்கே நிற்பது என்று தெரியாமல் தயங்கித் தயங்கிக் கடந்துபோயிற்று. அவர் அதைக் கவனிக்கவில்லை. பால் பொங்கி வழிந்து நாங்கள் குலவையிடும் வரைக்கும், அந்தப் பலகை சாய்ந்துவிடாமல் அதற்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.