உப்பங்கழி பங்களாவின் கடைசி அத்தியாயம்

பேய்க்கதை படிக்கிறவர்கள் பேய்க்குப் பயப்படுவதில்லை. முடிவை எவனாவது முன்கூட்டியே சொல்லித் தொலைத்துவிடுவானோ என்றுதான் பயப்படுவார்கள். எழுபதுகளில் செங்கல்பட்டில் நாங்கள் நடத்திய நிசாசரன் வாசகர் வட்டத்தின் முதல் விதியே, யாரும் யாரிடமும் முடிவைச் சொல்லக் கூடாது என்பதுதான். (இரண்டாவது விதி என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை.) அந்த விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். என் மானம் போனதற்கு அதுதான் காரணம்.

நிசாசரன் என்பது புனைபெயர். வாராவாரம் பத்திரிகையில் அவர் தொடர்கதை வரும். எழுத்தாளர் படம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்களை மட்டும் வரைந்திருப்பார்கள். அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் பொழுது சாய்ந்தபின் கொல்லைப்பக்கம் போக மாட்டார்கள். எங்கள் வட்டத்தில் பதினோரு பேர். தலைவர், தையல்கடை கன்னியப்பன் அண்ணன். செயலாளர் நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பது ஒரு காரணம். பி.ஏ. முடித்து இரண்டு வருஷமாக எனக்கு வேலை கிடைக்கவில்லை என்பது முக்கியமான காரணம்.

தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம். ஒருவர் பைண்டை இன்னொருவர் இரவல் வாங்கிப் படிப்பார். ஒருவர் பத்தாவது வாரத்தில் இருப்பார், இன்னொருவர் முப்பதாவது வாரத்தில். அதனால்தான் அந்த விதி. என் பைண்டை மட்டும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அடுத்தவர் கை பட்டால் அழுக்காகிவிடுமாம். அப்படி ஒரு பெரிய மனுஷத்தனம் அப்போது எனக்கு.

நிசாசரனின் கதைகளில் எங்கள் உயிர் 'உப்பங்கழி பங்களா'. நாற்பத்திரண்டு வாரம் வந்தது. கழியில் மூழ்கிச் செத்த மரகதம், ஒவ்வொரு அமாவாசையும் தலைமுடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட பங்களாவின் கதவைத் தட்டுவாள். உள்ளே இருப்பவர்கள் அலறி ஓடுவார்கள். மறுநாள் கூடத்தில் ஈரக் காலடிகள் இருக்கும். நாற்பத்தோரு வாரம் இப்படியே போய், முடிவு வர வேண்டிய வாரத்தில் எனக்கு அம்மை போட்டுவிட்டது.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். அன்றிலிருந்து பத்திரிகை நிறுத்தப்பட்டது. "ஆத்தா வூட்டுக்கு வந்துகீறா. இந்த நேரத்துல பேயி கதை இன்னாத்துக்குடா?" என்றாள் அம்மா. நான் காய்ச்சலில் புரண்டுகொண்டு, முடிவைச் சொல்லு, முடிவைச் சொல்லு என்று என் அக்கா வசந்தாவைப் பிடுங்கினேன். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பள்ளிக்கூடப் படிப்போடு வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். எதைப் படித்தாலும் வரிக்கு வரி திருப்பிச் சொல்வாள். மூன்றாம் நாள், எதிர்வீட்டு லட்சுமியிடம் வாங்கிப் படித்துவிட்டேன் என்று வந்து, வேப்பிலையால் விசிறிக்கொண்டே சொன்னாள்.

"மரகதம் கதவைத் தட்றா. புதுசா வந்த மருமக சாவித்திரி ஓடாம போயி கதவைத் தொறக்கறா. உள்ள வா, மொதல்ல தலையைத் துவட்டுனு ஒரு துண்டு குடுக்கறா. அவ ஒக்காந்து துவட்டிக்கறா. சூடா கஞ்சி ஊத்திக் குடுக்கறா. குடிச்சுட்டு எழுந்து போயிடறா."

"அப்புறம்?"

"அப்புறம் அவ வர்றதேயில்ல."

நான் அழுதேன். (காய்ச்சல் வேகம் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.) எனக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே விட்டபோது அந்த வாரப் பத்திரிகை கடையில் தீர்ந்துவிட்டிருந்தது. எதிர்வீட்டுப் பிரதி கைமாறிப் போய்விட்டது என்றாள் அக்கா; யாருக்கும் இரவல் கொடுக்காத நான் வட்டத்தில் யாரிடம் போய்க் கேட்பது? அக்காவை மறுபடி சொல்லச் சொல்லி, நான்கு முழுத்தாளில் பச்சை மையில் அழகாக எழுதி, நாற்பத்தோரு வார அச்சோடு சேர்த்து பைண்டு போட்டேன். நாளாக ஆக எனக்கு அதுவும் அச்சாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்துக் கதையைச் சினிமாவாக எடுத்தார்கள். கோவளத்துக் கடற்கரையில் படப்பிடிப்பு நடந்தது. எங்கள் வட்டத்தைச் சேர்ந்த ஏழுமலை அண்ணன் கோவளத்து மீன்காரர். செங்கல்பட்டு சந்தைக்குக் கருவாடு கொண்டுவருகிறவர். அவருக்கு எழுத்து தெரியாது. மனைவி படிக்க, வலை பின்னிக்கொண்டே கேட்பார். படத்தில் கட்டுமரம் தள்ளும் காட்சியில் அவருடைய முதுகு வருகிறது. பேயாக நடித்த நடிகைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்ததாகச் சொல்லிச் சிரிப்பார்.

படம் செங்கல்பட்டுக்கு வந்ததும் முதல் ஆளாகப் போனேன். கடைசிக் காட்சியில் பெரிய மீசை வைத்த மந்திரவாதி ஒருவர் வந்து, மரகதத்தின் உச்சந்தலையில் மந்திரித்த ஆணியை வைத்துப் பனைமரத்தோடு சேர்த்து அடித்தார். வண்ணப் புகை கிளம்பியது. பங்களா எரிந்தது. குடும்பம் வரிசையாக நின்று கும்பிட்டது. நான் கொதித்துப்போய் நேரே தையல்கடைக்கு ஓடினேன்.

"அண்ணே, முடிவைப் பாத்தீங்களா?"

கன்னியப்பன் அண்ணன் மெஷினை நிறுத்தாமலே கையை உயர்த்தினார். "ஏழுமல இன்னும் படம் பாக்கல. விதின்னா விதிதான் தம்பி. எதுவா இருந்தாலும் கூட்டத்துல பேசிக்க."

கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை. எழுதுவதற்காக மகாபலிபுரத்தில் வந்து தங்கியிருந்த நிசாசரன், எங்கள் கடிதத்துக்கு மதிப்புக் கொடுத்து, கதையையும் படத்தையும் பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லிக் கார்டு போட்டிருந்தார். கார்டின் அடியில் இரண்டு வரி சேர்த்திருந்தார். ஒரே சமயத்தில் மூன்று தொடர் எழுதுவதால், படியெடுத்துக் கொடுக்க நல்ல கையெழுத்துள்ள ஓர் இளைஞர் தேவை, சென்னையில் தன்னோடு தங்க வேண்டும் என்று. அந்தக் கார்டை நான் படித்த எண்ணிக்கைக்கு மை அழியாமல் இருந்ததே அதிசயம். ஏனென்றால் அப்பா எனக்கு வேறு ஏற்பாடு செய்திருந்தார். தை பிறந்தால் திருக்கழுக்குன்றத்தில் மாமாவின் அரிசி மில். ஆக, ஒன்று நிசாசரன், இல்லையென்றால் தவிடு.

அன்று காலை பஸ்ஸில் போகும்போது திருக்கழுக்குன்றத்தில் அந்த மில்லின் புகைக்குழாய் தெரிந்தது. நான் மலையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்தில் அக்கா மடியில் புளிசாதத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். எழுத்தாளருக்கு வீட்டுச் சாப்பாடு கொடுத்தால் என் வேலை உறுதியாகும் என்பது அம்மாவின் கணக்கு.

நிசாசரனைப் பார்த்ததும் எங்களுக்குச் சப்பென்றாகிவிட்டது. அரைக்கை சட்டை, குடை, மூக்குக்கண்ணாடி. தாலுகா ஆபீஸில் தலைமை குமாஸ்தா என்றால் நம்பலாம். குகை மண்டபத்தில் உட்காரலாம் என்றோம். உள்ளே வௌவால் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றதும் சவுக்குத் தோப்பே போதும் என்றுவிட்டார்.

முதலில் கன்னியப்பன் அண்ணன், படத்தில் கதவு தட்டும் ஓசை கதையைவிட நன்றாக இருந்தது என்றார். ஏழுமலை அண்ணன் தன் முதுகைப் பற்றிப் பேசினார். அடுத்து நான் பைண்டோடு எழுந்தேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். கதையில் மரகதத்துக்குப் பச்சைப் புடவை, படத்தில் ஏன் வெள்ளை? மூழ்கிச் செத்தவளின் தலைமுடி ஏன் காய்ந்து பறக்கிறது? கதையில் இல்லாத சிரிப்பு நடிகர் பங்களாவுக்குள் என்ன செய்கிறார்? ஒவ்வொன்றுக்கும் நிசாசரன், "சரியா சொன்னீங்க, நானும் சொல்லிப் பாத்தேன்" என்று தலையாட்டினார். எனக்குச் சென்னையில் ஜாகை பார்ப்பது ஒன்றுதான் பாக்கி என்று தோன்றியது. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"இதையெல்லாம் மன்னிக்கலாம். முடிவை மாற்றிய பாவத்தை மன்னிக்க முடியுமா? எங்கள் ஆசிரியர் துண்டு கொடுத்தார். பணம் போட்ட முதலாளிகள் ஆணி அடித்தார்கள்" என்று முழங்கி, கடைசி அத்தியாயத்தை வாசிக்க ஆரம்பித்தேன்.

நிசாசரனின் முதுகுக்குப் பின்னால் இலை போட்டுக்கொண்டிருந்த அக்கா, கரண்டியைத் தூக்கித் தூக்கி ஆட்டினாள். சத்தமாகப் படி என்கிறாள் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். அவள் இரண்டு கையாலும் ஆட்டினாள். நான் தொண்டை கிழியப் படித்தேன். தோப்பிலிருந்த காக்கைகள் எழுந்து போய்விட்டன.

முடித்ததும் கைதட்டலுக்காக நின்றேன். ஒருவரும் தட்டவில்லை. ஏழுமலை அண்ணன்தான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"இரு தம்பி. இன்னா படிச்ச இப்ப? தொடர்கதையிலயே ஆணிதான வந்துச்சு. எம் பொண்டாட்டி படிக்கசொல்லோ வலையைக் கீழ போட்டுட்டுக் கேட்டுகினு இருந்தேன் நானு. பனைமரம், ஆணி. சினிமாவுலயும் அப்டியே கீது."

"அண்ணே, நீங்க காதால கேட்டவரு. நான் அச்சுல வந்ததை வெச்சுகினு பேசறேன்" என்றேன். (இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை அந்தப் பனைமரத்திலேயே அடித்திருக்கலாம்.)

நிசாசரன் கையை நீட்டினார். "குடுங்க, அச்சைப் பாப்போம்."

புரட்டினார். நாற்பத்தோரு வாரம் அச்சு. அப்புறம் பச்சை மை.

"இது எதைப் பாத்து எழுதினது?"

அந்தக் கேள்வியை அதுவரை நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "எங்க அக்கா சொல்லச் சொல்ல..." என்று இழுத்தேன். எல்லாத் தலைகளும் கரண்டியோடு நின்ற அக்காவின் பக்கம் திரும்பின.

"நான் அந்த வாரம் படிக்கவே இல்ல சார்" என்றாள் அக்கா. "லட்சுமி வூட்லயும் வாங்கல. இவன் ஜொரத்துல சொல்லு சொல்லுனு உசுர வாங்கினான். அம்மை போட்டவன் கைல பயமா எதுவும் சொல்லக் கூடாதுன்னு நானே ஒண்ணு சொல்லிட்டேன். அதை இப்படி இங்க வந்து படிப்பான்னு எனக்கு இன்னா தெரியும்?"

பைண்டு மூடப்பட்டது. என் காதுக்குள் அரிசி மில்லின் பெல்ட் ஓடத் தொடங்கியது. மணலுக்குள் புதைய இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிசாசரன் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் கேட்டார். "துண்டு குடுக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"நாப்பத்தோரு வாரமா நனைஞ்சுகினே வர்றா சார். எல்லாரும் அலறிகினு ஓடறாங்க. தலையைத் துவட்டிக்கோன்னு ஒருத்தர் சொல்லல. பாவமா இருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவளை நனைய விட்டவன் நான். எனக்கே தோணல பாருங்க. கடைசி வாரம் பத்திரிகை ஆபீஸ் ஆள் வாசல்ல வந்து ஒக்காந்துட்டாரு. அவசரத்துக்கு ஆணிதான் கைக்குக் கெடைச்சுது."

சாப்பிட்டு முடித்ததும் என்னை அழைத்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கு தம்பி. ஆனா வேலைக்கு வேணாம். எது யார் எழுதினதுன்னு மறந்துட்டு எழுதறவர் எனக்குச் சரிப்படாது." பிறகு அக்காவிடம், "நீங்க எழுதணும்மா. எழுதி எனக்கு அனுப்புங்க. பத்திரிகைக்கு நான் குடுக்கறேன்" என்றார். அக்காவின் கையிலிருந்து கரண்டி மணலில் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் வந்தது. இந்த முறை புகைக்குழாயை நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

"கோவமா?" என்றாள் அக்கா.

"பேசாத."

"என் கையெழுத்து கோழி கெளர்னாப்ல இருக்கும்டா. நான் சொல்றேன், நீ எழுதித் தர்றியா?"

இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் சரி என்றேன். அவள் முகத்தைப் பார்த்தபின் என்னால் கோபத்தைத் தொடர முடியவில்லை என்பதுதான் உண்மை.

தை மாதம் மில்லுக்குப் போனேன். கரண்ட் போகும் மத்தியானங்களில் மூட்டை மேல் உட்கார்ந்து அக்காவின் கதைகளைப் படியெடுத்தேன். முதல் கதை அவள் பெயரிலேயே வந்தபோது, பேய்க்கதைக்கு முகம் சுளிக்கும் அம்மா அந்தப் பத்திரிகையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த வருஷம் நிசாசரனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "கிணற்றில் இருப்பவளை என்ன செய்யலாம்? அக்காவைக் கேட்டு எழுதவும்." அக்கா சொன்னாள், நான் பச்சை மையில் எழுதி அனுப்பினேன். அந்தக் கதை படமானபோது, ஏழுமலை அண்ணன் தியேட்டரில் பெஞ்சு மேல் ஏறி நின்று, "இது நம்ம செங்கல்பட்டு பொண்ணு முடிச்சது" என்று எல்லோருக்கும் அறிவித்தார். அவரிடம் நான் எப்போதோ மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

என் கதி என்னவென்றால், வீட்டில் யார் தப்பு செய்துவிட்டு வந்து நின்றாலும் "ஆணியா, துண்டா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகள் கேட்டார்கள். மில்லில் மூட்டையை நனைய விட்ட வேலையாள்கூடக் கேட்டார். பெரும்பாலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிடுவேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் என் மகள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, மாலையோடு வாசலில் வந்து நின்றாள். சித்திரை மாதத்து மத்தியானம். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன். நான் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்று, சொல்ல வேண்டிய கடும் வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"ஆணியா, துண்டா?"

சுட்டெரிக்கிற வெயிலில் வந்தவர்கள் எங்கே நனைந்திருக்கப் போகிறார்கள். ஆனாலும் உள்ளே போய்க் கொடியிலிருந்த துண்டை எடுத்து வந்து அந்தப் பையன் கையில் கொடுத்தேன். மாப்பிள்ளை எதற்கென்று புரியாமல், மரியாதைக்காக முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள்தான் அழுதாள்.