வடிகால் வேட்பாளரின் விசுவாசம்

"ஏழாவது கேள்வியைக் காலியா விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் நார்பர்ட் வியர்ஸ்மா.

"நாத்திகன்னு முடிவு பண்ணுவாங்க. அப்புறம் நீயும் காலி," என்றாள் மனைவி லோயிஸ்.

மாவட்ட வடிகால் ஆணையர் தேர்தலில் நிற்பவர்களுக்கு உள்ளூர்ப் பத்திரிகை அனுப்பிய படிவம் அது. பெயர், வயது, அனுபவமெல்லாம் தாண்டி ஏழாவதாக நின்றது: 'எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?' நார்பர்ட் கடைசியாகச் சர்ச்சுக்குப் போனது தம் கல்யாணத்துக்கு. அன்றைக்கும் தாமதம்.

பத்தொன்பது வருடமாக வடிகால் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். எந்த வாய்க்கால் எங்கே அடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் எப்போதும் வாய்க்காலுக்குள்ளேயே நின்றதால், ஊர் பார்த்ததெல்லாம் அவருடைய தொப்பியைத்தான். எதிர்த்து நின்ற டெர்க் போஸ்மாவோ சர்ச் மூப்பர். வயல் தண்ணீரை வடிக்கக் குழாய் பதித்து, அத்தனையையும் தன் வீட்டுக்குள்ளேயே பாயவிட்ட கெட்டிக்காரர். ஜெயித்தால் முதல் வேலையே நார்பர்ட்டை வீட்டுக்கு அனுப்புவதுதான் என்று பகிரங்கமாகச் சொல்லியிருந்தார்.

லோயிஸ் பேனாவைப் பிடுங்கி, மளிகைக் கடைக்குத் திரும்பும் முனையில் இருந்த சர்ச்சின் பெயரை எழுதிவிட்டாள்.

பத்திரிகை வந்த அன்றே போதகர் போன் செய்தார்.

"நம்ம சபைன்னு போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம். பதினோரு வருஷமா இங்க இருக்கேன், உங்களைப் பார்த்த ஞாபகமே இல்லையே?"

"நான் கடைசி வரிசைங்க."

"கடைசி வரிசையை எடுத்துட்டு, அங்க காபி மேஜை போட்டு நாலு வருஷமாச்சே?"

"அதான் கொஞ்ச நாளா வரல."

டெர்க் மூப்பராக இருப்பதும் அதே சபைதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நார்பர்ட் மூன்றாவது வரிசை ஓரத்தில் போய் உட்கார்ந்தார். ஹேட்டி டெக்கர் என்ற கிழவி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாப்பது வருஷமா இது என் இடம், தம்பி."

எழுந்து யாருமே இல்லாத முதல் வரிசைக்கு ஓடினார். அங்கே யாரும் ஏன் உட்காருவதில்லை என்பது உடனே புரிந்தது. போதகர் கையை நீட்டி, "சகோதரர் நார்பர்ட் இன்னிக்கு ஜெபம் பண்ணுவார்," என்றார்.

நார்பர்ட்டுக்குத் தெரிந்தது ஒரே ஜெபம், சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு, "இந்த உணவுக்காக நன்றி, ஆண்டவரே, ஆமென்," என்று முடித்தார். கண்ணைத் திறந்தபோது பாதிச் சபை பழக்க தோஷத்தில் எழுந்து, சாப்பாடு போடும் அடித்தளக் கூடத்துக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தது. பிரசங்கம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பந்தியிலாவது சமாளிக்கலாம் என்று, "இந்தக் கேரட் போட்ட ஜெல்லி மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்லை," என்றார். அன்றைக்குக் கேரட் ஜெல்லி கொண்டுவந்தவர்கள் நான்கு பேர். மற்ற மூவரும் தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். நான்கையும் தின்றார். ஆனாலும் மூன்று பேர் முகம் கொடுக்கவில்லை.

"போன வாரம் கெட்டதை, ஆண்டவர் உன்னைக் காப்பாத்தினதா ஒரு நல்ல சாட்சி சொல்லிச் சரிபண்ணிடு," என்றாள் லோயிஸ்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சொன்னார். "வெள்ளத்தப்போ இடுப்பளவு சேத்துல மாட்டிக்கிட்டேன். ஆண்டவரேன்னு கத்தினேன். மேல இருந்து ஒரு கயிறு இறங்கிச்சு."

சபை உருகியது. பின்னாலிருந்து ஒரு விவசாயி எழுந்தார்.

"கயிறு போட்டது நான்தான். அந்தக் கயிறு இன்னும் திரும்பி வரல."

டெர்க் அன்று காபி பரிமாறியபோது முகமெல்லாம் பல்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு நல்ல மழை. அடித்தளக் கூடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆள் ஆளுக்கு வாளி தேடினார்கள். நார்பர்ட் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மூலைச் சாக்கடைக்குள் தோள்வரை கையை விட்டு, அடைத்திருந்த ஒரு கந்தல் துணியை உருவினார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. அந்தச் சர்ச்சுக்குள் அவர் நிம்மதியாக மூச்சுவிட்டது அப்போதுதான்.

ஹேட்டி ஒரு துண்டை நீட்டினாள். அந்தக் கனிவில் நார்பர்ட் உடைந்துபோனார்.

"நான் சொன்னதெல்லாம் பொய்ம்மா. கடவுளைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு மட்டும்தான் தெரியும். டெர்க் வாரம் தவறாம இங்க வர்றவர். நானும் வந்தாத்தான் நாலு ஓட்டு விழும்னு நினைச்சேன்."

ஹேட்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட அசடே! டெர்க்கை இருபது வருஷமா வாராவாரம் பார்த்துப் பார்த்துத்தான், முகமே தெரியாத உனக்கு ஓட்டுன்னு மொத்தச் சபையும் முடிவு பண்ணி வெச்சிருந்தோம். உன்னை யாருப்பா நேர்ல வரச் சொன்னது?"