எவரையும் உறுத்தாத நிறம்

மனித குலத்தில் ‘பொதுவானவர்’ என்றோர் இனம் உண்டு. வாசகரே, நீங்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்த நினைவுதான் இராது. நினைவில் நிற்கும்படி எதையும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆயுள் முழுவதும் அரும்பாடு படுபவர் அவர். ஆதரிப்போர் கை தூக்குக என்று கூட்டத்தில் அறிவித்தால், காதைச் சொறிவதாகவும் கொள்ளத்தக்க உயரத்தில் கையை நிறுத்துவார். தேநீர்க்கடையில் அரசியல் சூடேறும்போது நாளிதழில் வானிலைப் பகுதியைப் படிப்பார். மழை வருமா என்று கேட்டாலோ, வந்தாலும் நல்லதுதான், வராவிட்டாலும் வேலை நடக்கும் என்பார். பேருந்தில் வலப்பக்கமும் அமராமல் இடப்பக்கமும் அமராமல், கடைசி வரிசையின் நடு இருக்கையைத் தேடிப் பிடித்து, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் நடைபாதையில் வந்து விழுவார்.

விழுந்தாலும் நடுவில்தான் விழுவார்.

இப்படிப்பட்ட ஒருவர் வண்ணத்தாளை வெட்டி ஒட்டிப் படம் செய்யப் புகுந்தால் என்ன ஆகும்?

நாகமலை புதுக்கோட்டை அருள்பாண்டி புகுந்தார். கணக்காசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பேசியில் யாரோ ஓர் அம்மையார் தாள் துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டி, எதையும் போலில்லாத ஒரு படத்தைச் செய்வதைப் பார்த்ததிலிருந்து அவருக்குக் கை துறுதுறுத்தது. துணிக்கடைப் பைகள், கல்யாணப் பத்திரிகைகள், இனிப்புப் பெட்டியின் மூடிகள் என்று வீட்டுக்குள் வந்த வண்ணம் எதுவும் அதன்பின் குப்பைக்குப் போகவில்லை. அந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் புதிய கட்டடம் எழும்பியது.

“உள்ள நுழைஞ்சதும் எதுத்த செவரு மொட்டையா நிக்குது சார். நீங்கதான் ஏதாச்சும் செஞ்சு தரணும்” என்று சங்கச் செயலாளர் கிரிதரன் வந்து கேட்டார்.

அருள்பாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை. எழுதியதையெல்லாம் மணி அடித்ததும் அடுத்த ஆசிரியர் வந்து அழித்துவிடும் கரும்பலகையிலேயே காலத்தைக் கழித்தவர் அவர். அழிக்கப்படாத ஒரு சுவர்! அதில் தன் கைவேலை ஒன்று! அதைவிட வேறென்ன வேண்டும்?

படம் எதையும் குறிக்கக் கூடாது என்பதில் அவர் தொடக்கத்திலேயே உறுதியாக இருந்தார். கோபுரத்தைச் செய்தால் எங்கள் கோபுரம் எங்கே என்பார் ஒருவர். நாகமலையைச் செய்தால் அழகர்மலைக்கு என்ன குறை என்பார் இன்னொருவர். காளையைச் செய்தால் எந்த ஊர்க் காளை என்ற வினா எழும். அதற்கு விடையளித்துவிட்டு உயிரோடு வீடு திரும்புவது எளிதன்று. வெறும் சதுரத்திலும் முக்கோணத்திலும் யார் என்ன குற்றம் காண முடியும்?

ஆகவே சாப்பாட்டு மேசையில் வெள்ளை அட்டையை விரித்தார். பெரிய கறுப்புச் சதுரத்தை இடப்பக்கம் மேலே வைத்தார். படம் இடப்பக்கமாகச் சாய்ந்தது. அதைச் சரிக்கட்ட வலப்பக்கம் இன்னொரு கறுப்பை வைத்துப் பார்த்தார், படம் தராசாயிற்று. எடுத்தார். வெள்ளைப் பரப்பை அப்படியே காலியாக விட்டு, வலப்பக்கம் கீழ்மூலைக்குச் சற்று உள்ளே, விரல்நகம் அளவில் ஒரு சிவப்புத் துண்டை வைத்தார். படம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அத்தனை பெரிய கறுப்பை இத்தனூண்டு சிவப்பு தனி ஆளாக இழுத்துப் பிடித்து நிறுத்துகிறதே என்று அவர் நின்றவாறே வியந்தார். எந்தச் சமன்பாடும் அவரை இப்படி நிற்க வைத்ததில்லை.

மனைவி முத்துமீனா காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னங்க, எந்தக் கட்சியில சீட்டுக் கேக்கப் போறீக?”

“கட்சியா? இது வடிவம் மீனா. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவுல எவ்வளவு வெள்ளை விடணுங்கறதுதான் இதுல சூட்சுமமே.”

“வடிவமா இருந்தா என்ன? நாளைக்கே வாசல்ல கரைவேட்டி வந்து நிக்கும். என்னால அம்புட்டுப் பேருக்கும் காப்பி போட முடியாது.”

பசை போடும் முன்பே கறுப்பு நீங்கியது. அதன் இடத்துக்கு மஞ்சள் வந்தது. பக்கத்து வீட்டுப் பால்பாண்டி சுத்தியல் இரவல் கேட்டு உள்ளே வந்தவர், மேசையைப் பார்த்தார், அருள்பாண்டியைப் பார்த்தார், கண் கலங்கிப் போய் அவரை இறுகத் தழுவிக்கொண்டார்.

“அண்ணே! நம்மாளுக கொடிண்ணே! இத்தன வருசமா அடுத்த வீட்டுல இருந்துக்கிட்டு, உங்கள என்ன ஏதுன்னு கேக்கவும் முடியாம, கேக்காம இருக்கவும் முடியாம எம்புட்டுத் தவிச்சேன் தெரியுமா? இப்படி ஒரே படத்துல பட்டுனு ஒடச்சுட்டீகளே!”

எதிர்ப்பைத் தாங்கலாம், ஆதரவை எப்படித் தாங்குவது? சுத்தியலைக் கையில் திணித்து அவரை அனுப்பிவிட்டு, அருள்பாண்டி மஞ்சளை அப்புறப்படுத்தினார்.

அதன்பின் அவர் செய்த ஆராய்ச்சி கொஞ்சநஞ்சமன்று. மஞ்சளை மீண்டும் கொண்டுவருவதாயின் வட்டமாக வெட்டக் கூடாது. பாதி வட்டம் கூடவே கூடாது. பச்சையை இலைபோல வெட்டக் கூடாது. வெட்டினாலும் இரண்டு வைக்கக் கூடாது. காவியின் பக்கம் அவர் போகவேயில்லை. போகாததற்கும் காரணம் கேட்பார்களோ என்று மட்டும் அஞ்சினார். கடைசியில் நீலத்தை எடுத்து, ஒளி பிறந்தவராய்ச் சமையலறைக்கு ஓடினார்.

“மீனா, நீலம்! வானம் எல்லாருக்கும் பொதுதானே?”

“வானம் பொதுதாங்க. நீலந்தான் பொதுவில்ல.”

எல்லா நிறங்களையும் சேர்த்து, எவருக்கும் கூடுதல் குறைவின்றி ஒரே அளவுக் கட்டங்களாக வெட்டி அடுக்கினார். அங்கேயும் சிக்கல் முளைத்தது. மேல் வரிசையில் யார், கீழ் வரிசையில் யார்? மேலே இருப்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவர் சும்மா இருப்பாரா? சுழற்சி முறையில் மாற்றி மாற்றி அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, அங்கே நீதி இருந்தது, படம் இல்லை. கண் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே போயிற்று.

“பெயிண்ட்டு கடையில குடுப்பாகளே ஒரு அட்டை, அது மாதிரி இருக்கு” என்றார் முத்துமீனா. “இதுல எத நம்ம வீட்டுக்கு அடிக்கப் போறோம்?”

அன்றுதான் அருள்பாண்டி சாம்பல் நிறத்தையும் அதன் உறவான பழுப்பையும் கண்டடைந்தார். உரித்த அட்டைப்பெட்டி, பள்ளி நோட்டுக்கு உறை போடும் பிரவுன் ஷீட், சிமெண்டு மூட்டையின் உள்தாள். எந்தக் கட்சிக்கும் வேண்டாத, எந்தச் சாமிக்கும் சாத்தப்படாத, எந்த வேட்டியின் கரையிலும் ஏறாத நிறங்கள். சிலவற்றைக் கத்தரித்தார், சிலவற்றைக் கையால் கிழித்தார், சொரசொரப்பை வழவழப்புக்குப் பக்கத்தில் வைத்தார். மோசமில்லை. ஆனால் படம் தூங்கியது. ஒரு சபலத்தில், பழைய சிவப்புத் துண்டை எடுத்து வலப்பக்கம் கீழ்மூலைக்குச் சற்று உள்ளே வைத்தார்.

அடடா! சாம்பல் முழுவதும் கண் விழித்துக்கொண்டது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அந்தத் துண்டை எடுத்துத் தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டுப் படத்துக்குப் பசை போட்டார். கனமான தெர்மாகோலின் மேல் ஏற்றிச் சட்டமும் இட்டார். கண்ணாடி மட்டும் போடவில்லை. போட்டால், எதிரில் நிற்பவரின் வேட்டிக்கரை அதில் தெரியுமன்றோ?

திறப்பு விழா நடந்தது. சங்கத் தேர்தல் நெருங்கும் நேரம். இரு அணியினரும் வந்திருந்தார்கள். படத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை, உண்மையைச் சொன்னால், யாரும் படத்தைப் பார்க்கவில்லை. ரோஸ்மில்க் வைத்த மேசை அதற்கு நேர்கீழே இருந்தும் பார்க்கவில்லை. இது வெற்றியன்றி வேறென்ன? அருள்பாண்டி வெற்றி பெற்றவராக வீட்டுக்கு வந்து, விளக்கைப் போடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சில நாள் கழித்துச் சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றார். அவருடைய படத்தின்மேல் பால்பாண்டி ஒரு ரோஸ்நிறத் துண்டுத்தாளைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அங்கே வாடகைக்கு வீடு, பச்சையில். ஹிந்தி டியூஷன், மஞ்சளில். குடிநீர் வராத நாள், வெள்ளையில்.

“பால்பாண்டி! அது… அது படம்!”

“படமா?” பால்பாண்டி பின்னே வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நோட்டீஸ் போர்டுன்னுல்ல நெனச்சோம்! அட, என்னண்ணே நீங்க, மொதல்லயே சொல்லக் கூடாதா? ஆனா ஒண்ணு, குண்டூசி வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குது. செவத்துக்கு மேட்ச்சா, யாருக்கும் தொந்தரவில்லாத கலரு. எல்லாத்தையும் எடுத்துரவா?”

வாசகரே, இந்த இடத்தில் நீங்களும் நானும் எதிர்பார்ப்பது ஒரு சீற்றம். மேசையில் ஒரு குத்து. குறைந்தது, எடுத்துவிடு என்று ஒரு சொல்.

“பரவாயில்ல, இருக்கட்டும்” என்றார் அருள்பாண்டி. நம் இனத்துக்கு வாய் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் வரும்.

பால்பாண்டி போன பின்பு அவர் மட்டும் நின்றார். பச்சை பாரமாக மேலே தொங்கியது. மஞ்சள் ஓரத்துக்குப் போய்ப் பார்வையை வெளியே இழுத்தது. டியூஷனைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குத்தினார். வாடகை வீட்டைக் கீழே இறக்கினார். குடிநீரைக் கண்ணுக்கு நேரே வைத்தார். பிறகு, கதவைச் சாத்தினார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். மேசை இழுப்பறையில் இருந்த பசையை எடுத்து, வலப்பக்கம் கீழ்மூலைக்குச் சற்று உள்ளே, அந்தச் சிவப்பை அழுத்தி ஒட்டினார். ஊசியில்லை, பசை. பிய்த்தால் சாம்பலும் சேர்ந்துதான் வரும்.

மறுநாள் கிரிதரன் கைப்பேசியில் அழைத்தார்.

“சார், நோட்டீஸ் போர்டுல செவப்பா ஒண்ணு ஒட்டியிருக்கு. எழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த அணி இவுக ஒட்டுனதுங்குது, இந்த அணி அவுக ஒட்டுனதுங்குது. காலையிலருந்து ஒரே சண்ட. யாரு ஒட்டுனதுன்னு உங்களுக்கு ஏதும் தெரியுமா?”

அருள்பாண்டியின் நாக்கு நுனிவரை ‘நான்’ வந்தது. வந்து, அங்கேயே நின்றது.

“தெரியலையே. காத்துல பறந்து வந்து ஒட்டியிருக்கும்.”

“பிச்சு எறிஞ்சிரவா சார்?”

“எதுக்கு? யாரையும் உறுத்தலையே?”

“உறுத்துதே சார்! வேற எங்க பாத்தாலும் கண்ணு திரும்பத் திரும்ப அங்கதான போகுது!”

அருள்பாண்டி கண்ணை மூடிக்கொண்டார். முத்துமீனா பின்னாளில் சொன்னபடி, கல்யாணத்தன்று கூட அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பைப் பார்த்ததில்லையாம்.

“அப்படியா? அப்ப இருக்கட்டும்.”

சிரிக்கிறீர்களோ? சிரியுங்கள். ஆனால், கறுப்பும் சிவப்பும் என்று வந்த இடத்தில் உங்கள் மனம் ஒரு கொடியைத் தேடி ஓடியதா இல்லையா? ‘நம்மாளுக’ என்று பால்பாண்டி சொன்னபோது, எந்த ஆளுக என்று யோசித்தீர்களா இல்லையா? இதோ, இத்தனை எழுதியும் ஒரு கட்சியின் பெயரோ ஒரு சாதியின் பெயரோ இதில் வரவில்லை. நயம் கருதி விட்டதாக நினைத்துவிடாதீர்கள், வாசற்பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் இதை எழுதியிருக்கிறேன்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். மிக நன்று. அப்படியானால் உங்களுக்குப் பிடித்த நிறம் எதுவென்று சற்று உரக்கச் சொல்லுங்கள், கேட்போம்.

ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்?