ஜோயலின் சைக்கிளுக்கு ஒரு கிராங்க்

ஏசுதாஸ் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து, மகனின் சைக்கிளை நெஞ்சின்மேல் சாய்த்துக்கொண்டு சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். பெடல் மாட்டுகிற கிராங்கின் அச்சு, சட்டத்தின் அடிக்குழாய்க்குள் போகமாட்டேன் என்றது. குழாயின் இருபுறமும் அச்சைத் தாங்க பேரிங் வைத்த கிண்ணங்கள். பாட்டம் பிராக்கெட் என்று அதற்குப் பெயராம். கிண்ணத்தின் ஓட்டை சிறிசு, அச்சு பெரிசு.

"சோப்பு போட்டுப் பாரேன்," என்றாள் மனைவி சாராள், அடுப்படியிலிருந்து. "மாட்டிக்கின மோதரத்துக்கு அதான் பண்ணுவாங்க."

சோப்பு போட்டார். தேங்காய் எண்ணெய் விட்டார். பிறகு பெரிய சுத்தியலை எடுத்தார். பேரிங் உடைந்து, எஃகு உருண்டைகள் கட்டிலுக்கடியிலும் ஃபிரிட்ஜுக்கடியிலும் ஓடின. ஒன்றின்மேல் காலை வைத்த சாராள், மாவுச் சட்டியோடு தரையில் உட்கார்ந்தாள்.

"நல்லாப் பண்ற போ! இப்பவாச்சும் அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணு."

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் பிளம்பர் அவர். எந்தக் குழாய்க்கும் பயந்ததில்லை. மருமகள் பிரிசில்லாவுக்குப் போன் செய்யத்தான் பயந்தார்.

மகன் ஜோயல் டெங்குவில் போய் ஒரு வருஷமாகப் போகிறது. சைக்ளோகிராஸ் என்ற பந்தயத்தில் அவனுக்குப் பைத்தியம். மணலிலும் சேற்றிலும் ஓட்டுவான்; ஓட்டமுடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவான். "ஏறிப் போறதுக்கா சைக்கிளு, தூக்கினு போறதுக்கா?" என்று சாராள் கேட்டால் சிரிப்பான். புதுசு மாட்டலாமென்று பழைய கிராங்கைக் கழற்றிப்போட்ட வாரம்தான் காய்ச்சல் வந்தது.

அடக்கமெல்லாம் முடிந்து, பிரிசில்லா ஊரப்பாக்கத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது ஏசுதாஸ்தான் சொன்னார்.

"சின்ன வயசும்மா உனுக்கு. இங்க வந்து வந்து அழுதுகினு இருக்காத. உன் வழியப் பாரு. சைக்கிள மட்டும் ரெடி பண்ணித் தரேன், அவன் ஞாபகமா எடுத்துகினு போ. அதோட இந்த வூட்டுப் பக்கம் வராத."

சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குள் போய், மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார்.

பிரிசில்லா, "பார்ட்ஸ் நான் வாங்கியாறேன் மாமா," என்று மட்டும் சொன்னாள்.

இப்போது போனில், "அய்யோ, என் தப்பு மாமா. அச்சு முப்பது மில்லி, பேரிங் இருபத்துநாலு போல. ஞாயித்துக்கிழமை வேற எடுத்தாறேன்," என்றாள்.

வந்தாள். சாராளோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள், சாப்பிட்டாள், ஜோயலின் போட்டோவைத் துடைத்தாள், கடைசி பஸ்ஸுக்குப் போனாள். அவள் கொண்டுவந்த கிண்ணங்களை மறுநாள்தான் ஏசுதாஸ் பிரித்தார்.

"இன்னாடி இது, இதுல திருகி மாட்ற திரெட்டே இல்ல! சைக்கிள்ல திரெட்டு கீது."

அழுத்திப் பொருத்துகிற வகை அது. ஆனால் பிளம்பராச்சே, விடுவாரா? டெஃப்லான் டேப்பைச் சுற்றினார். குழாய் ஒழுகினால் வைக்கிற பசையை அப்பினார். அது கல்லாக இறுகியது. கிண்ணம் கோணலாக மாட்டிக்கொண்டது. பசையை இளக்க அடுப்பு லைட்டரில் தொடங்கி, ரிசார்ட்டின் கேஸ் டார்ச்சில் முடித்தார். கிண்ணம் வந்தது. கூடவே, ஜோயல் தேடித்தேடி அடித்த நீலப் பெயிண்டும் கருகி உரிந்து வந்தது.

சாராள் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டு அழுதாள். "புள்ளதான் போச்சு. அவன் ஆசப்பட்ட கலரையும் கொளுத்திட்டியே!"

ஏசுதாஸ் அன்று சாப்பிடவில்லை.

பிரிசில்லா வந்து கருகலைத் தடவினாள். "பரவால்ல மாமா. உங்க கை சுடலையே?" என்றாள். அதைக் கேட்டு அவர் இன்னும் கூனிக் குறுகினார்.

அந்தத் தடவை அவள் கொண்டுவந்தது எல்லாம் பொருந்தியது. கிண்ணம் திருகி ஏறியது, அச்சு வழுக்கிக்கொண்டு நுழைந்தது. ஏசுதாஸ் பெடலைச் சுற்றினார். 'கிரீச்' என்று பல்சக்கரம் பின்சட்டத்தை உரசியது. சேறு அடைக்காமலிருக்க இந்தச் சைக்கிளுக்குப் பின்சட்டம் அகலம். கிராங்கோ தார் ரோட்டில் ஓடுகிற சைக்கிளுடையது.

"கொஞ்சம் அரம் போட்டு ராவிட்டா..."

"வேணாம் மாமா!" பிரிசில்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த மாசம் மாத்தி எடுத்தாறேன்."

அவள் போன பிறகு சாராள் மெதுவாகச் சொன்னாள். "அவங்க அண்ணன் மாப்ள பாத்துகினு கீறானாம். எத்தினி நாளு இந்த இரும்பத் தூக்கினு அலையும், பாவம்?"

ஏசுதாஸ் அவள் கொண்டுவந்த பெட்டிகளை எடுத்து அடுக்கினார். போகச் சொன்னதும் நாம், போகவிடாமல் கட்டிப்போட்டதும் நாம். சைக்கிள் முடிந்தால் அவள் போய்விடுவாள். ஆனாலும் முடித்துத்தான் ஆகவேண்டும்.

எல்லாப் பெட்டிகளிலும் செங்கல்பட்டுச் சைக்கிள் கடை ஒன்றின் பெயரே ஒட்டியிருந்தது. பெட்டிகளைப் பையில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறினார். கடைக்காரர் நூர்முகமதுவின் மேஜைமேல் பையைக் கவிழ்த்தார்.

"இன்னா பாய் கட நடத்துற? புருஷன பறிகொடுத்த புள்ள, வெயில்ல ரயிலு, பஸ்ஸுன்னு மாறி மாறி வருது. ஒரு தபாவாச்சும் சேர்ற சாமான் குடுத்தியா? உனுக்கு இன்னா பாவம் பண்ணுச்சு அது?"

நூர்முகமது பெட்டிகளைப் பார்த்தார். கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீங்க பிரிசில்லாவோட மாமனாரா?"

"ஆமா. இன்னா இப்போ?"

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தார் நூர்முகமது.

"சரியான செட்டு மொத நாளே எடுத்து வச்சேன் அண்ணாத்த. அந்தப் பொண்ணுதான், 'சேராததாப் பாத்துக் குடுங்க பாய், சேந்துட்டா அந்த வூட்டுக்கு வரக்கூடாதுன்னு மாமா சொல்லிட்டாரு'ன்னுச்சு."