ஊளை இன்டஸ்ட்ரீஸ் கொடுத்த மெஷின்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்கக் கூடாது. பக்கத்துக் காட்டில் இருந்தது, அதனால் இங்கும் இருந்தது. அதில் உற்பத்திப் பொறியியல் துறை என்று ஒன்று. பட்டதாரிகளைத் தவிர அந்தத் துறை அதுவரை எதையும் உற்பத்தி செய்ததில்லை.

துறைத் தலைவர் முனைவர் கஜபதி, யானை. தொழிற்சாலையோடு கைகோக்காத துறைக்குத் தரச்சான்று கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. உடனே அவர் ஊளை இன்டஸ்ட்ரீஸ் முதலாளி ஜம்பு என்ற நரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார். ஜம்பு கஜபதிக்குப் பொன்னாடை போர்த்தினார். கஜபதி ஜம்புவுக்குப் போர்த்தினார். கஜபதி தன் அளவுக்கு வாங்கிவிட்டதால் போட்டோவில் பொன்னாடை மட்டும்தான் தெரிகிறது, ஜம்பு தெரியவில்லை.

ஒப்பந்தத்தின் அடையாளமாக ஒரு கம்ப்யூட்டர் லேத் மெஷின் வந்தது. இரும்பைக் கடைந்து போல்ட் செய்வது. கஜபதியே அதைத் தும்பிக்கையால் அலாக்காகத் தூக்கிக் கண்ணாடி அறைக்குள் வைத்தார். சிங்கம் வந்து ரிப்பன் வெட்டியது. 'சிறப்பு மையம்' என்று ஒரு போர்டு, அதற்குக் கீழே 'மாணவர்கள் உள்ளே வரக் கூடாது' என்று இன்னொரு போர்டு. மெஷினைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக் கஜபதிக்கு மனம் வரவில்லை. கிழித்தால் பழசாகிவிடுமாம். மாணவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று மெஷினைப் படம் வரைந்து மார்க் வாங்கினார்கள். அதற்குச் செய்முறைத் தேர்வு என்று பெயர்.

கடைசி வருஷத்தில் பூங்கோதை என்ற பெருச்சாளிப் பெண் படித்தாள். பரம்பரையாக வளை தோண்டும் குடும்பம். மகளாவது மூக்கில் மண் படாமல் பிழைக்கட்டும் என்று அப்பா படிக்க அனுப்பியிருந்தார். ஊளை இன்டஸ்ட்ரீஸில் அந்த வருஷம் ஒரே ஒரு வேலை. அந்த மெஷினில் ஒரு போல்ட் கடைந்து காட்டுகிறவருக்குத்தான் அது. கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய் அப்பாவோடு தோண்ட வேண்டியதுதான். 

கண்ணாடி அறைக் கதவு வருஷத்தில் ஒரு நாள் திறக்கும். ஆயுத பூஜை. அன்றைக்கு மட்டும் மாணவர்கள் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைக்கலாம். பூங்கோதை துணியும் சந்தனக் கிண்ணமுமாக உள்ளே போனாள். மற்றவர்கள் பிளாஸ்டிக்கின் மேல் பொட்டு வைத்தார்கள். இவள், இன்டர்வியூவுக்கு முன்னால் உள்ளே எப்படி இருக்கிறது என்றாவது பார்த்துவிடலாமே என்று, அடியில் புகுந்து மெஷினுக்குள் ஏறினாள்.

உள்ளே ஒரு சிலந்திவலை இருந்தது. மோட்டார் இல்லை.

பூஜைக்குத் தலைமை விருந்தினர் ஜம்புதான். அவரும் கஜபதியும் சுண்டல் தின்றுகொண்டிருந்த அறைக்கு அவள் மூச்சு வாங்க ஓடினாள்.

"சார், மெஷினுக்குள்ள மோட்டாரே இல்ல சார்!"

கஜபதி பதறிப்போனார். "பிளாஸ்டிக்கைக் கிழிச்சிட்டியாம்மா?"

"இல்ல சார், அடியில பூந்தேன்."

"அப்பாடா."

ஜம்பு நிதானமாகச் சுண்டலை மென்றார். "மோட்டார் எங்க ஃபேக்டரியில ஓடுதும்மா. ஓடுற மோட்டாரைக் கழட்டி யாராவது தானம் பண்ணுவாங்களா?"

"உங்களுக்கும் தெரியுமா சார்?" என்று கஜபதியைப் பார்த்தாள்.

"தூக்கும்போதே வெயிட் இல்ல. புது டெக்னாலஜி போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

பூங்கோதைக்கு ஆத்திரம் பொங்கியது. "நாளைக்குத் தரச்சான்றுக் கமிட்டி வருதில்ல, நான் சொல்லிடுவேன்."

"சொல்லு," என்றார் ஜம்பு. "துறையை மூடுவாங்க. உன் பட்டத்துல உங்கப்பா சுண்டல் மடிச்சுத் தின்னலாம். அதை விடு. உள்ள எடம் எவ்வளவு இருக்கு?"

"நான் உட்கார்ற அளவுக்கு இருக்கு சார்."

சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று இருந்தது. யானையும் நரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் அவர்கள் முதன்முதலாகச் சேர்ந்து யோசித்தது அப்போதுதான்.

"கங்கிராட்ஸ்மா," என்றார் ஜம்பு. "இன்டர்னல் டிரைவ் இன்ஜினியர். நாளைக்கே ஜாயின் பண்ணிடு."

"போல்ட் கடையணும்னு சொன்னீங்களே சார்?"

"போல்ட்டு கடையில கிடைக்கும்மா."

அவள் அழுதாள். அப்பாவின் மண் படிந்த மூக்கை நினைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள்.

மறுநாள் கமிட்டி வந்தது. எல்லாரும் ஆந்தைகள், பகலில் கண் தெரியாது. அதனால் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். உள்ளே பூங்கோதை பின்னங்கால்களால் அச்சைச் சுற்றிக்கொண்டே 'க்ர்ர்ர்' என்றாள். ஆந்தைகள் பரவசமானார்கள். கரண்டே இழுக்காத மெஷின் என்று கஜபதி எடுத்துச் சொன்னதும் கூடுதலாக ஒரு பிளஸ் போட்டார்கள்.

மகளுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டு அப்பா பலகாரத்தோடு வந்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்று காவலாளிக் கரடியிடம் கேட்டார்.

"எம் புள்ள எங்கங்க?"

"மெஷின்லதான் வேலை. உள்ள இருக்கு."

"ஏசி ரூமுல!" என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, யாரையும் காணாவிட்டாலும் கையை ஆட்டினார்.

பூங்கோதை இடுக்கு வழியாக அப்பாவைப் பார்த்தாள். கமிட்டி இன்னும் போகவில்லை. கூப்பிட முடியாது, காலை நிறுத்தவும் முடியாது. அடக்கி அடக்கிப் பார்த்தும் தொண்டையிலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் வந்துவிட்டது.

அப்பா கரடியின் பக்கம் திரும்பி, "நல்ல மெஷினுங்க. ஆனா கொஞ்சம் கீச்சுங்குது, எண்ணெய் விடணும்," என்றார்.

கரடி உடனே போய் எண்ணெய் ஊற்றியது.

நீதி: மெஷினுக்குள் எது இல்லை என்று கண்டுபிடிக்கிறவரே அதுவாக உள்ளே உட்கார வேண்டியிருக்கும். ஆகவே மாணவர்களே, ஆயுத பூஜைக்கு வெளிப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள்.