கடைசி எழுத்து

"இந்த எழுத்து சரியில்லையே, வே. மாத்திப் போடும்."

தில்லைநாயகம் பிள்ளை வெற்றிலைக் காம்பால் தாளைத் தொட்டுக் காட்டிவிட்டு வில்வண்டியில் ஏறிப் போய்விட்டார். அவர் மகளின் கல்யாணப் பத்திரிகைக்கான புரூப் தாள் அது. காம்பு தொட்ட இடம், மணமகள் பெயரின் கடைசி எழுத்தான ‘ளி’.

சுவிசேஷமுத்து தாளைக் கண்ணருகே பிடித்து அந்த எழுத்தின் வடிவத்தையே பார்த்தார். டெல்லி தர்பார் நடந்த வருஷம் அது. பாளையங்கோட்டையில் சின்னதாக ஓர் அச்சுக்கூடம் வைத்திருந்தார். பட்டணத்திலிருந்து வரும் எழுத்துகள் பிடிக்காமல் தாமே வெட்ட ஆரம்பித்தவர். இரும்புக் கம்பியின் முனையில் ஒவ்வொன்றாகச் செதுக்கி, செம்பில் அடித்துப் பதித்து, ஈயம் வார்த்து முடிக்க வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அந்த எழுத்துகளுக்கு இதுதான் முதல் வேலை.

மனைவி ஜெபகனியிடம் தாளை நீட்டினார்.

"இந்த ‘ளி’ எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு... மேல உள்ள சுழி மட்டும் கொஞ்சம் தொப்பை போட்டிருக்கோ?"

போட்டிருக்கிறதென்று அவருக்கும் உடனே பட்டது. சுழியை ஒடுக்கி வெட்டிக் கொண்டுபோனார்.

"அதே எழுத்துதானவே இருக்கு!" என்றார் பிள்ளை. "மாத்தச் சொன்னா மினுக்கிக் கொண்டாரீரே!"

எழுத்துக் கோக்கும் ஐயம்பெருமாள் வேறு சொன்னான்.

"சுழியில ஒண்ணுமில்ல, முதலாளி. காலுதான் குட்டை. நொண்டுத மாதிரி இருக்கு."

காலை நீட்டினார். தனியே பார்த்தால் ‘ளி’ ராணி மாதிரி நின்றது. வரியில் சேர்த்தால் பக்கத்து எழுத்தை முழங்கையால் இடித்தது. எதிர்க்கடை தாவூது ராவுத்தர் தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"‘ளி’யில குத்தமே இல்ல, வே. மத்ததெல்லாம்தான் சப்பையா இருக்கு."

அந்த வார்த்தையில் சுவிசேஷமுத்து விழுந்துவிட்டார். பத்திரிகையில் வரும் எழுத்துகளையெல்லாம் திரும்ப வெட்ட உட்கார்ந்தார். புதுக் கம்பிக்குக் காத்திருக்க நேரமில்லை. பழைய கம்பிகளின் முனையை அரத்தால் தேய்த்து, அதிலேயே செதுக்கினார். செம்பில் பதிந்த பழைய தடங்களையும் தேய்த்தழித்து, பழைய ஈயத்தை உருக்கினார். கரண்டியில் ‘அ’வின் வளைவு இளகிச் சாய்வதைக் குனிந்து பார்த்தார். அது ஒருநாள் தானாகக் கையில் வந்து விழுந்த வளைவு. திரும்ப வரச் சொன்னால் வருமா?

வரவில்லை. அவசரத்தில் ‘க’ சாய்ந்தது, ‘ண’ வீங்கியது. பிள்ளை அந்தத் தாளில் மகளின் பெயரை மட்டும் பார்த்தார். அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு அச்சுக்கூடத்துக்குப் போய்விட்டார்.

அங்கே அடித்த பத்திரிகை சுவிசேஷமுத்துவுக்கும் வந்தது. பல் விழுந்த வாய் மாதிரி எழுத்துகள். இதுவா இவருக்குப் பிடித்தது? அதற்குமேல் வாசிக்க மனசு வரவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள், தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றும் சொதிப் பந்தியில் அவர் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். பரிமாற வந்த பிள்ளையின் தங்கை ஞானாம்பாளிடம் கேட்டேவிட்டார்.

"நான் முதல்ல கொண்டாந்த எழுத்து அவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு, அம்மா? அதையெல்லாம் அழிச்சிட்டேன்."

சொதிக் கரண்டி அப்படியே நின்றது.

"அய்யோ, ஒவ்வொண்ணும் முத்து முத்தால்லா இருந்துச்சு, அண்ணாச்சி! எங்க குழல்வாய்மொழி பேருல ‘ழி’ போடாம ‘ளி’ போட்டிருக்கியளேன்னுதான் அண்ணன் மாத்தச் சொன்னாக."