நான் கழித்துக்கட்டிய ஒன்பது முட்டைகள்

குறை கண்டுபிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். (நம்பியது நான் மட்டும்தான்.)

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்குச் செக்கர் வேலை. சூளையிலிருந்து வரும் கப்பை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். சுத்தமாக இருந்தால் பாஸ். கரும்புள்ளியோ, முடி போல ஒரு கோடோ தெரிந்தால் கழிவு. இவ்வளவுதான் வேலை. ஆனால் எனக்கிருந்த திமிர் கலெக்டருக்குக்கூட இருந்திருக்காது. கல்யாணமாகி வந்த வீட்டிலும் தட்டு, தம்ளர், மாமியார் என்று ஒன்றுவிடாமல் குறை சொன்னேன்.

அப்போதுதான் என் மாமியாரின் செவலைக் கோழியை, அடைகாத்துக்கொண்டிருந்த இடத்திலேயே, தெருநாய் கவ்விக்கொண்டு போனது. அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கோழியின் வாரிசாக மிஞ்சியவை பதினான்கு முட்டைகள். தெர்மகோல் பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு, முட்டைகளை அதில் வைத்து, வேளாவேளைக்குத் திருப்பிவிட்டார். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அத்தைக்கோ கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான்.

"கெட்டத மட்டும் எடுத்துடும்மா. உள்ளயே கெடந்தா வெடிச்சி நாறிடும். எப்புடிப் பாக்கணும்னா..."

"எனக்கா சொல்லித் தர்றீங்க அத்தை? நாள் பூரா நான் பாக்குற வேலையே இதுதான்!"

ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் அடித்தேன். ஐந்து முட்டைகள் பளிங்கு மாதிரி இருந்தன. பாஸ்! மற்ற ஒன்பதிலும் கரும்புள்ளி, சுற்றிலும் சிவப்புக் கோடுகள். ஒன்றில் புள்ளி அசைந்ததுகூட. கை நடுங்குகிறது போல என்று டார்ச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பதையும் குப்பைக்குழியில் வீசினேன். கோழியைத் தின்ற அதே நாய் வந்து விருந்தை முடித்துவிட்டுப் போனது.

"ஒம்போதா?" அத்தையின் முகம் சுண்டிப்போனது.

"சேவல் சரியில்ல அத்தை" என்று தீர்ப்பும் சொன்னேன். (வாயைத் தைத்திருக்கலாம்.)

இருபத்தொன்றாம் நாள் அத்தை, குஞ்சுகளுக்குப் போட நொய்யும் கவிழ்த்து மூடப் பஞ்சாரமுமாகப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஒன்றும் பொரியவில்லை. இருபத்து நாலாம் நாள் ஒரு முட்டை டமாரென்று வெடித்தது. நாற்றம் தாங்காமல் நாத்தனார் செல்வி தெருவுக்கே ஓடினாள். மிச்சம் நாலையும் அத்தையே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நீ வீசுனது எப்புடி இருந்துச்சி?"

"கரும்புள்ளி... செவப்புக் கோடு..."

"அடிப்பாவி! அது குஞ்சோட கண்ணுடி! ரத்தம் ஓடுற நரம்புடி! உசுர நாய்க்குப் போட்டுட்டு, ஒன்னுமில்லாததுக்கு பல்பு எரிக்க வச்சிட்டியே!"

அத்தை அழுதார். அழுதது கோழிக்காகவா, வாய்த்த மருமகளுக்காகவா என்று கேட்க இன்றுவரை தைரியமில்லை.

இரண்டு வருஷம் கழித்து, செல்விக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகளின் போட்டோவை அத்தை என்னிடம் நீட்டினார். புத்தி எங்கே போகும்? "இவரு வேணாம் அத்தை, ரொம்ப கருப்பா இருக்காரு" என்றேன்.

"அப்ப இவரயே முடிச்சிடுவோம்" என்றார் அத்தை, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

போன வருஷம் நான் காய்ச்சலில் விழுந்தபோது கம்மாபுரத்திலிருந்து முதலில் பைக்கில் ஓடி வந்தவர் நான் கழித்த அந்த மாப்பிள்ளைதான். தங்கமான மனுஷன். ஆனால் இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் சட்டென்று உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று கேட்பார்: "அக்கா, உள்ள வரட்டுங்களா, இல்ல நேரா குப்பைக்குழிக்கே போயிடட்டுங்களா?"